எதிராளியின் இடது இருக்கை

என் மகன் ராலி ஓட்டுகிறவன். மண் ரோட்டில் ஒரு வண்டியை விட்டு, இரண்டு நிமிடம் கழித்து அடுத்த வண்டியை விட்டு, நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம் அது. யார் முந்தினார்கள் என்பது ரோட்டில் தெரியாது, கடிகாரத்தில்தான் தெரியும். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர். வலது பக்கம் ஓட்டுகிறவர். இடது பக்கம் ஒருவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எப்படி, எவ்வளவு தூரத்தில் மேடு, எங்கே பள்ளம் என்று வாசித்துக்கொண்டே வர வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. காதில் விழுவதை நம்பித்தான் அவர் காலை அழுத்துகிறார்.

அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்து என் மகனுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் வாசித்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். கோர்ட்டில் ஸ்டெனோ வேலை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சுருக்கெழுத்து தெரியும்.

வாசிக்க வந்ததே தற்செயல்தான். அவன் அவனியாபுரத்தில் வண்டி ரிப்பேர் பட்டறை வைத்துவிட்டு, பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்த சமயம். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். கூட்டாளிகள் ஒவ்வொருவரையும் ஏற்றிக்கொண்டு போய், கையில் பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொல்வான். ஓடுகிற வண்டியில் குனிந்து வாசித்தால் வயிற்றைப் புரட்டும். எல்லாருமே கதவைத் திறந்து வாந்தி எடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். தோப்புப் பாதை குண்டும் குழியுமாக இருக்கும்.

"ஒனக்குத் தல சுத்தலயாம்மா?" என்றான்.

"எதுக்குச் சுத்தணும்?"

அவன் வண்டியைத் திருப்பி அதே பாதையில் வேகமாக ஓட்டினான். பின் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் கத்தினார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து எதையாவது எடுத்து வைப்பேன். கல்யாண வீட்டில் கூட்டத்தோடு உட்கார முடியாமல் பந்தி பரிமாறப் போய்விடுவேன். கோர்ட்டில் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதுகிற நேரம் மட்டும்தான் உடம்பு அடங்கும். காதும் கையும் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு மனசு ஓடாது. ராலி வண்டியில் அது இன்னும் பலமாக நடந்தது. பெல்ட்டை இறுக்கி, ஹெல்மெட்டை மாட்டி, முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தால் வீடு, வேலை, இன்றைக்கு என்ன கிழமை என்பதுகூட மறந்துவிடும். முடிந்து இறங்கியதும் கால் திரும்பவும் துறுதுறுக்க ஆரம்பிக்கும். அடுத்த பந்தயம் எப்போது என்று நான்தான் அவனிடம் முதலில் கேட்பேன்.

அவனும் என்னைப் போலத்தான். ஸ்டார்ட்டுக்கு முன்னால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். பானெட்டைத் திறப்பான், மூடுவான், டயரை உதைத்துப் பார்ப்பான். எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி நிற்கும் வண்டியில் ஒருவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருப்பார். அவர்தான் சாம்பியன்.

கோயம்புத்தூர்க்காரர். வயது நாற்பதைத் தாண்டவில்லை. நாங்கள் பந்தயத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே பட்டம் அவரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் இரண்டாம் இடத்துக்காகத்தான் ஓட்டுகிறார்கள் என்று மெக்கானிக்குகள் பேசிக்கொள்வார்கள். அவர் வேகமாக ஓட்டுகிற மாதிரியே தெரியாது. வெளியில் நின்று பார்த்தால் என் மகனுடைய வண்டிதான் பறக்கிற மாதிரி இருக்கும், புழுதியும் சத்தமுமாக. கடிகாரத்தைப் பார்த்தால் அவர் ஏழெட்டு செகண்டு முன்னால் இருப்பார். என் மகன் அந்த நேரப் பட்டியலைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். எந்த வளைவில் அவர் அந்த ஏழெட்டு செகண்டை எடுத்தார் என்று எழுதியிருக்கப் போகிறதா என்ன.

முதல் வருடம் நாங்கள் எட்டாவது, ஒன்பதாவது. இரண்டாம் வருடம் நான்காவது. மூன்றாம் வருடம் இரண்டாவது. அதற்கு மேலே ஏற முடியவில்லை. ஈரோட்டுப் பக்கம் நடந்த ஒரு பந்தயத்தில் கடைசி வளைவு வரைக்கும் நாங்கள்தான் முன்னால் இருந்தோம் என்று நினைத்தோம். ஆறு செகண்டில் போனது. திரும்பி வரும்போது திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கோவப்படாமக் கேக்கணும்மா."

"சொல்லு."

"நீ முழுசுன்னு வாசிக்கும்போது ஒன் குரல் எறங்குது. ஒனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. அதக் கேட்டதும் என் காலு தானா லேசாத் தூக்கிக்கிருது."

முழுசு என்பது எங்கள் நோட்டில் இருந்த வார்த்தை. காலை எடுக்க வேண்டாம், முழு வேகத்தில் போ என்று அர்த்தம்.

"அம்புட்டுதாம்மா வித்தியாசம். அந்த ஆறு செகண்டு அதுதான்."

"வேற ஆளு பாத்துட்டியா?"

"சென்னையில ஒருத்தர் இருக்காரு. ரொம்ப வருசமா வாசிக்கிறவரு. டயர்க் கடைக்காரரும் அவரக் கூப்பிடுன்னுதான் சொல்றாரு." டயர்க் கடைக்காரர் எங்கள் வண்டிக்கு டயர் கொடுத்து உதவியவர்.

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, வண்டிக்குள் இருந்த கேமராவில் பதிவானதைப் போட்டுக் கேட்டேன். அவன் சொன்னது சரிதான். வலது நாலு, இடது மூணு என்று வளைவின் கூர்மைக்குப் போட்ட நம்பர் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. முழுசு என்று வருகிற இடத்தில் மட்டும் குரல் தொண்டைக்குள் போகிறது. பெற்ற பிள்ளையை நானே மேட்டுக்கு மேல் தூக்கி எறிகிற மாதிரி வாசித்திருக்கிறேன். மூன்று வருடம் எனக்கு அது தெரியவே இல்லை.

சென்னைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். திருநகரில் எங்கள் வீட்டில்தான் தங்கினார், என் கையால்தான் சாப்பிட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

அந்த மாதங்கள் எனக்கு நரகம். கோர்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வர முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி மாட்டுத்தாவணி போய், பூ மார்க்கெட்டில் ஒரு காரணமும் இல்லாமல் சுற்றிவிட்டு, கால் கிலோ மல்லிகையை வாங்கிக்கொண்டு திரும்புவேன். வீட்டில் பூ வைக்க நான் ஒருத்திதான். ஆட்டோ வளைவில் திரும்பும்போது என் வாய் தானாக முணுமுணுக்கும். வலது ரெண்டு, போகப் போக இறுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாமி பேரைச் சொல்லுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஒரு மத்தியானம் அதே பூ மார்க்கெட்டில் நிற்கும்போது போன் வந்தது. என் மகன் முதல் முறையாக அவரை ஜெயித்துவிட்டான். நான் இல்லாமல். சந்தோசமாகத்தான் இருந்தது. பூக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழியில்தான் என் கையில் கவர் இருக்கிறது, அதில் பூ இல்லை என்று பார்த்தேன்.

வருடத்துக்குப் பல ஊர்களில் பல சுற்றுப் பந்தயம் நடக்கும்; அந்த வருடத்தின் கடைசிச் சுற்று எங்கள் ஊர்ப் பக்கமே வந்தது. திருமங்கலத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம். பந்தயம் கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டு ரோடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும். புள்ளிக் கணக்கில் அவனும் சாம்பியனும் ஒட்டி ஒட்டி இருந்தார்கள். இந்தச் சுற்றில் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் அந்த வருடப் பட்டம்.

அதற்கு முந்தின வாரம் கோர்ட் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"வணக்கமுங்க அக்கா. நான் கோயம்புத்தூர்லருந்து பேசறேனுங்க."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பந்தய இடத்தில் பார்த்தால் தலையாட்டுவார், அதற்கு மேல் பேசியதில்லை.

"எனக்கு வாசிக்கிறவருக்கு டெங்குங்க. ஆஸ்பத்திரில இருக்காரு. உங்க பந்தய லைசென்ஸ் இன்னும் நடப்புல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"நீங்க எனக்கு வாசிக்க முடியுங்களா?"

நான் கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"என் மகனுக்கு எதிரா ஓட்டுறீங்க."

"தெரியுமுங்க. அவனப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேனுங்க. எனக்கு வேண்டியது நல்லா வாசிக்கிற ஆளு. நல்லா வாசிக்கிறவங்க யாரு சும்மா இருக்காங்கன்னு பார்த்தேன். நீங்கதானுங்க இருக்கீங்க."

சும்மா இருக்கீங்க என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தேங்காய் விற்ற கையோடு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நீ போகணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்து கேக்குற" என்றார். "பயகிட்டக் கேளு."

அவனியாபுரம் பட்டறைக்குப் போனேன். அவன் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் நிமிரவில்லை. ஸ்பானர் இரண்டு சுற்று சுற்றியது.

"அவரு கூப்பிட்டாரா, நீயாப் போய்க் கேட்டியா?"

"அவருதான் கூப்பிட்டாரு."

"ஒனக்கு என்ன வேணும்மா?"

"வண்டியில ஒக்காரணும்."

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கையைத் துணியில் துடைத்தான்.

"அப்பப் போ. ஆனா ஒழுங்கா வாசி. மகனுக்காக அந்தம்மா கொறச்சு வாசிச்சிருச்சுன்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்லக் கூடாது."

பந்தயத்துக்கு முன்னால் எல்லாரும் சாதாரண வண்டியில் மெதுவாகப் போய் ரோட்டைப் பார்த்து நோட்ஸ் எழுதிக்கொள்ளலாம். நான் சாம்பியனோடு ஜீப்பில் போனேன். அவர் இங்கிலீஷில் சொல்லுவார். ரைட் ஃபோர், லெஃப்ட் த்ரீ. முழுசு என்பதற்கு அவர் வார்த்தை ஃபிளாட். நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். சொல்லி முடிப்பதற்குள் எழுதி முடித்துவிடுவதைப் பார்த்து, "இப்படி ஒண்ணு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

ஒரு கண்மாய்க் கரை ஏறி இறங்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். கரைமேல் ரோடு திடீரென்று ஏறி மறைந்துவிடும். அந்தப் பக்கம் இறங்கிப் போய்க் குதிகாலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். மடை வேலைக்காக யாரோ இடது ஓரத்தை வெட்டிவிட்டுத் திரும்ப மூடியிருந்தார்கள். மேலே காய்ந்து இறுகிய மாதிரி இருந்தது, உள்ளே பொதபொதவென்று இருந்தது. வண்டி மேட்டில் துள்ளி வந்து அந்த இடத்தில் விழுந்தால் கண்மாய்க்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்மாயில் தண்ணீர் இல்லை, முழுக்கச் சீமைக் கருவேலம்.

"இங்க ஒரு சின்ன லிஃப்ட் போடுங்க்கா" என்றார். மேட்டுக்கு முன்னால் காலைக் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். எழுதினேன்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே என் மகனும் சென்னைக்காரரும் அவர்கள் வண்டியில் வந்தார்கள். என் மகன் சாம்பியனுக்குக் கையைத் தூக்கினான். சென்னைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வண்டி நிற்காமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் தோசை சுட்டேன். எங்கள் இரண்டு நோட்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. அவன் நோட்டு அவன் பையில், என் நோட்டு பீரோவில். ஹாலில் அவனும் சென்னைக்காரரும் சாப்பிட, நான் கல்லில் மாவை ஊற்றுவதும் கரண்டியைக் கீழே வைப்பதுமாக இருந்தேன். அந்த மண்ணை அவன் பார்த்தானா இல்லையா. சொன்னால் அது சாம்பியனுக்குச் செய்யும் துரோகம். சொல்லாவிட்டால் எதற்காகப் பெற்றேன். அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சாம்பியனுக்கே போன் போட்டேன்.

"அந்தக் கரை மேட்டப் பத்தி அவன்ட்டச் சொல்லிரட்டுமா? எனக்குச் சோறு எறங்கல."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "சொல்லிருங்க்கா" என்றார். "பந்தயம் எத்தனையோ வருமுங்க."

கீழே வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். மண் பொதபொதவென்று இருக்கிறது, நாங்கள் அங்கே காலை எடுக்கிறோம், நீயும் எடு.

அவன் முகம் மாறியது. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு.

"அவரு அங்க எடுக்குறாரா?"

"ஆமா."

"நாங்க முழுசுன்னுதான் எழுதியிருக்கோம். வலது ஓரமா ஏறுனா வலது ஓரமாத்தான் எறங்கும். அவரு எடுக்குறாருன்னா எனக்கு அங்க ரெண்டு செகண்டு கெடைக்கும்மா." சிரித்தான். "நீ இதச் சொல்லிருக்கவே கூடாது."

வலது ஓரமாக ஏறினால் வலது ஓரமாக இறங்கும் என்று யார் இவனுக்குச் சொன்னது. மறுநாள் காலை சாம்பியனிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு முடியாது. அவர் வண்டியின் முன் கண்ணாடியை நியூஸ் பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் வயசுல நானும் அப்படித்தானுங்க எழுதுவேன்" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை.

முதல் நாள் முழுக்க அவருக்கு வாசித்தேன். அவர் வண்டியில் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத்தான் திருப்புவார். பிரேக் அடிப்பது வயிற்றுக்குத் தெரியாது. வெளியில் நின்று பார்த்தால் மெதுவாகப் போகிற மாதிரி தெரிந்தது எல்லாம் உள்ளே உட்கார்ந்தால் அப்படி இல்லை, மரங்கள் கோடு கோடாக ஓடின. நான் ஃபிளாட் என்றால் உடனே போவார், சந்தேகமே கிடையாது. மதியம் வண்டியை நிறுத்தியதும், "குரல் நல்லாருக்குங்க அக்கா, ஒரே சீரா வருது" என்றார். எனக்குச் சந்தோசமும் வந்தது, கூடவே ஒரு கூச்சமும் வந்தது. இவரும் யாரோ ஒரு அம்மா பெற்ற பிள்ளைதான். அந்த அம்மாவுக்காக என் குரல் ஒருமுறைகூட இறங்கவில்லை.

அப்படியும் முதல் நாள் முடிவில் என் மகன் நான்கு செகண்டு முன்னால் இருந்தான்.

இரண்டாம் நாள் அந்த நான்கு இரண்டாகி, திரும்ப மூன்றானது. கடைசி ஓட்டம் கண்மாய்க் கரை ரோடு. அவன் முன்னால் புறப்பட்டான். இரண்டு நிமிடம் கழித்து நாங்கள். ஸ்டார்ட்டில் அவன் வண்டி எங்களுக்கு நேர் முன்னால் நின்றது. அவன் பின்பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தானா என்று தெரியாது. கொடி இறங்கியது, வண்டி போனது, சத்தம் தேய்ந்தது. காற்றே இல்லை. அவன் கிளப்பிவிட்ட புழுதி ரோட்டுக்கு மேல் அப்படியே நின்றது.

சாம்பியன் அன்றைக்குத் தூங்கவில்லை. கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

புறப்பட்டோம். கண்ணுக்கு முன்னால் மஞ்சள் திரை. அவருக்கு ரோடு தெரியவில்லை, என் குரல்தான் ரோடு. வாசித்தேன். லெஃப்ட் ஃபோர், எய்ட்டி மீட்டர்ஸ், ரைட் த்ரீ டைட்டன்ஸ். அது என் மகன் கிளப்பிய புழுதி என்ற நினைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்கு வாசித்தது. புழுதி இருக்கிறது என்றால் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். கரை நெருங்கியது. ஸ்மால் லிஃப்ட், ஓவர் க்ரெஸ்ட் என்றேன். அவர் காலை எடுத்தார். வண்டி கொஞ்சம் துள்ளி நேராக விழுந்தது.

புழுதி அங்கே நின்றுவிட்டது. முன்னால் ரோடு பளிச்சென்று தெரிந்தது.

நான் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் வரி தவறிவிடும். ஆனாலும் ஓரக் கண்ணில் பட்டது. ரோட்டின் இடது விளிம்பு உடைந்து இரண்டு தடம் கண்மாய்க்குள் இறங்கியிருந்தது. கருவேலங் கிளைகள் வெள்ளையாக முறிந்து கிடந்தன. வண்டியைக் காணோம்.

அடுத்த வரியை வாசித்தேன். அதற்கு அடுத்ததையும். என்ன வாசித்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்ல முடியாது. விரல் நோட்டில் நகர்ந்தது, வாய் சொன்னது, அவர் ஓட்டினார். பந்தயத்தில் ஒரு விதி உண்டு. வழியில் வண்டி கவிழ்ந்து, உள்ளே இருப்பவர்களுக்கு அடிபட்டிருந்தால் சிவப்பு அடையாளம் காட்டுவார்கள், பின்னால் வருகிறவர் நின்றே ஆக வேண்டும். யாரும் காட்டவில்லை. காட்ட முடிகிற நிலையில் இருக்கிறார்களா என்று மனசு கேட்டது. ஃபிளாட் என்று வாசித்தேன்.

அரைக் கிலோமீட்டர் போனபின் திரும்பவும் முன்னால் புழுதி தெரிந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"ரோட்டுல இருக்கானுங்க" என்றார். அந்த ஒரு வரிதான். நான் அடுத்த வளைவைச் சொன்னேன்.

முடிகிற இடத்தில் என் மகனுடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. முன் கிரில்லில் ஒரு கருவேலங் கிளை செருகியிருந்தது, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்மாய்க்குள் விழுந்தவன் நிறுத்தவே இல்லை. முள்ளுக்குள்ளேயே ஓட்டி, மாடு இறங்குகிற சரிவு ஒன்றைக் கண்டுபிடித்து ரோட்டுக்கு ஏறியிருக்கிறான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவன் கை, கால், கழுத்து எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன்.

"ரெண்டு டயர் போச்சு" என்றான். சென்னைக்காரர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகமெல்லாம் வியர்வை.

பதினோரு செகண்டில் நாங்கள் ஜெயித்தோம். பட்டம் திரும்பவும் கோயம்புத்தூருக்குப் போனது.

திருமங்கலத்துக்குத் திரும்பி ஓட்டி வரும்போது சாம்பியன் சொன்னார்: "ஒரே ஒரு எடத்துல உங்க குரல் மாறுச்சுங்க. கண்மாயத் தாண்டி, அந்த ஃபிளாட்டுல."

"தெரியும்" என்றேன். "நீங்க கால எடுத்தீங்களா?"

"இல்லீங்க. நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்குமுன்னு போயிட்டேன்."

பரிசு கொடுக்கும்போது மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கீழ்ப் படியில் என் மகன். கூட்டத்தில் என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் கை தட்டிக்கொண்டே இருந்தார். யாருக்குத் தட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் மேல நிக்கிறீக. எங்க நிறுத்துறதுன்னு தெரியல" என்றார்.

மகன் ஒரு வாரம் வீட்டில் சாப்பிடவில்லை. பட்டறையிலேயே பரோட்டா வாங்கிச் சாப்பிட்டான். அதற்கப்புறம் ஒரு காலையில் வந்து, எதுவுமே நடக்காத மாதிரி தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தான். இட்லி வைத்தேன்.

"அது முழுசுதாம்மா" என்றான். "ஏறுன எடந்தான் தப்பு. இன்னும் ஒரு அடி வலதுல ஏறிருக்கணும்."

"சட்னி வேணுமா?"

"வையி." கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லா வாசிச்சேன்னு அவரு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்றான். "அடுத்த வருசம் எங்கூட வாரியா?"

நான் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். அந்தக் கேள்விக்காக எத்தனை மாதம் மார்க்கெட்டில் சுற்றினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் கேட்டதும் அந்தக் கண்மாய்க் கரைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் குரல் திரும்பவும் இறங்கும். அவன் கால் தூக்கும். இல்லையென்றால், அவன் தூக்கக் கூடாது என்பதற்காக நான் பொய்யாகக் குரலை உயர்த்துவேன். இரண்டும் வேண்டாம்.

"இல்லப்பா" என்றேன். "நான் வேற வண்டி பாத்துக்கிறேன்."

சாம்பியனுடைய பழைய ஆள் டெங்குவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அங்கேயும் இடம் இல்லை. ஆனால் அந்த மேடைக்குப் பிறகு என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உசிலம்பட்டியில் மாட்டு டாக்டராக இருக்கும் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பழைய வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் இருந்தாள். அவள் சனி, ஞாயிறு மட்டும்தான் வர முடியும். எனக்கும் அதுதான் தோது. முதல் பந்தயத்தில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். இரண்டாவதில் பாதி வழியில் வண்டி நின்றது.

அடுத்த வருடம் கடைசிச் சுற்றிலும் என் மகனும் சாம்பியனும்தான் மோதிக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் போய்விட, ரொம்பப் பின்னால் பேரையூர்ப் பக்கம் ஒரு சோளக் காட்டு ஓரத்தில் டயர் வெடித்து நானும் டாக்டரும் இறங்கி நின்றோம். அவள் ஜாக்கியைப் போட்டாள், நான் நட்டுகளைத் தளர்த்தினேன். வேடிக்கை பார்க்க நின்ற விவசாயி ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"கோயம்புத்தூர்க்காரர நம்ம திருநகர்ப் பய அடிச்சுட்டானாம்" என்றார். "பட்டம் நம்மூருக்கு வந்துருச்சாம்."

"எம்புட்டு வித்தியாசம்?" என்று கேட்டேன்.

அவர் போனில் கேட்டுச் சொன்னார். ஒரு செகண்டுகூட இல்லையாம். அவன் யார் மகன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது, புழுதி என்று நினைத்திருப்பார். டாக்டர் என் தோளைத் தொட்டாள். அவளுக்குத் தெரியும்.

"போன் போட்டுப் பேசுங்கக்கா. ரெண்டு நிமிசம்தான."

"அவன் எங்கயும் போயிர மாட்டான். நட்ட முடுக்கு" என்றேன்.

அவள் முடுக்கினாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். நோட்டு எந்தப் பக்கத்தில் நின்றது என்று தேடினேன். இடது மூணுக்கும் ஓடைப் பாலத்துக்கும் நடுவில். அவள் சாவியைத் திருப்புவதற்குள் அடுத்த வரியைச் சொல்லிவிட்டேன்.